வெற்றிலைப் பாக்கு முதல் சூயிங்கம் வரை: மெல்லும் பழக்கமும் வாய்நலமும்

மெல்லும் பழக்கம் என்பது பசிக்காக அல்லாமல் சுவைக்காகவோ, மணத்துக்காகவோ, கிறுகிறுப்புக்காகவோ ஒரு பொருளை நெடுநேரம் வாயில் அடக்கி மெல்லுவதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இப்படி மெல்லப்படுபவை வெற்றிலைப் பாக்கு, புகையிலை, பான் மசாலா, குட்கா, சூயிங்கம் ஆகியவை. இவற்றில் சூயிங்கத்தைக் கண்டுதான் பெற்றோர் அதிகம் பதறுகிறார்கள். பல் கெட்டுவிடும், விழுங்கினால் குடலில் ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். பாக்கைப் பற்றி அப்படிப் பயப்படுவோர் குறைவு. அது மங்கலப் பொருள், தாம்பூலப் பையில் வைத்துக் கொடுப்பது. ஆனால் கடந்த நூற்றிருபது ஆண்டு மருத்துவப் பதிவுகளைப் பார்த்தால், அச்சம் இருக்க வேண்டிய இடம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது. அந்தப் பதிவுகளின் தொடக்கப் பக்கங்களில் சில, இன்றைய தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலேயே எழுதப்பட்டவை.

தாம்பூலம்

கமுகும் வெற்றிலைக் கொடியும் நம் மண்ணுக்கே உரியவை போலத் தோன்றினாலும், இரண்டும் தென்கிழக்கு ஆசியத் தீவுப் பகுதிகளிலிருந்து பரவியவை என்பதே தாவரவியலாளர் கருத்து. பிலிப்பைன்ஸின் பலாவன் தீவில் உள்ள துயோங் குகையில், நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு புதைகுழியில் சுண்ணாம்பு வைத்திருந்த சிப்பிகள் கிடைத்துள்ளன. வெற்றிலை போடும் வழக்கத்துக்கு அதைப் பழைய சான்றாகக் கொள்கிறார்கள்.

தமிழில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் புறத்தே ஆயர் சேரியில் கோவலனுக்கு உணவு படைத்த கண்ணகி, அவன் உண்டு முடித்ததும் வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். அவன் உயிரோடு உண்ட கடைசி உணவு அது. பிற்காலத்தில் அரசருக்கு வெற்றிலைப் பை ஏந்தும் 'அடைப்பம்' பெரிய நம்பிக்கைப் பதவியாக இருந்தது. தஞ்சை நாயக்க மரபைத் தொடங்கிய சேவப்ப நாயக்கர் விசயநகர அரசரிடம் அந்தப் பணி செய்தவர் என்று கூறுவர்.

கொங்கு நாட்டில் இன்றும் கல்யாணம் பேசி முடித்ததை 'வெத்தல பாக்கு மாத்தியாச்சு' என்றே சொல்கிறோம். ஊத்துக்குளி, பெருந்துறை, காங்கேயம் பக்கத்துச் சந்தைகளுக்குப் புகளூர், வேலாயுதம்பாளையம் காவிரிக்கரைக் கொடிக்கால்களிலிருந்து வெற்றிலைக் கவுளி வந்து இறங்கும்.

கண்ணகி கொடுத்த தாம்பூலத்தில் புகையிலை இல்லை. இருக்கவும் முடியாது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஆகவே 'தொன்றுதொட்டு வந்த பழக்கம்' என்று புகையிலை போடுவதற்குச் சாக்குச் சொல்பவர்கள் வரலாற்றைச் சரியாகப் படிக்காதவர்கள். பாக்குக்கு அந்தச் சாக்கு பொருந்தும். ஆனால் தொன்மை என்பது தீங்கின்மைக்குச் சான்று ஆகாது. அது பின்னால் வரும்.

புகையிலை சேர்ந்தது

போர்ச்சுக்கீசியர் வழியாகப் புகையிலை தக்காணத்துக்கு வந்தது. பீஜப்பூரிலிருந்து அதை அக்பரின் அவைக்குக் கொண்டுபோனவர் ஆசாத் பேக். 1604-05 வாக்கில் நடந்தது இது. 1617இல் ஜஹாங்கீர் புகைபிடிப்பதைத் தடை செய்து ஆணை பிறப்பித்தார். அந்த ஆணை என்ன ஆயிற்று என்பதை நாடெங்கும் விளைந்த புகையிலையே சொல்லும்.

தெற்கே புகையிலை புகைப்பதற்கு மட்டுமன்றி வெற்றிலையோடு சேர்த்து மெல்லுவதற்கும் போயிற்று. யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியானது. அந்த வாணிகம் யாழ்ப்பாணத்துக்கும் திருவிதாங்கூர் கருவூலத்துக்கும் முக்கிய வருவாய். திருவிதாங்கூரில் புகையிலை விற்பனை அரசின் ஏகபோகமாக இருந்தது. நம் பக்கமும் இதில் பங்கு உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்தில் விளைந்த புகையிலை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலபாருக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி மலபார், கன்னடம், கோயம்புத்தூர் மாவட்டங்களில் புகையிலையைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விளைந்ததைக் கம்பெனிக்கே விற்க வேண்டும் என்ற நிலை நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. மெல்லும் புகையிலை தென்னாட்டுக் குடியானவனுக்கும் அரசாங்கத்துக்கும் எவ்வளவு பெரிய பொருளாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறு அளவுகோல் வேண்டாம். பிற்காலத்தில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தன் கிளையொன்றைத் திண்டுக்கல் பக்கம் வேடசந்தூரில் வைத்ததும் நம் மெல்லும் புகையிலைக்காகவும் சுருட்டுப் புகையிலைக்காகவும்தான்.

நெய்யூர் மருத்துவமனை

இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில் இருந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். அடுத்த நூறாண்டில் அது தென்கோடியின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றாக வளர்ந்தது. 1922இல் எவரெஸ்ட் சிகர முயற்சியில் பங்கேற்ற ஹோவர்ட் சாமர்வெல், அந்தப் பயணத்துக்குப் பின் நெய்யூருக்கு வந்து பார்த்தவர், வரிசையில் காத்திருந்த நோயாளிகளைக் கண்டு லண்டன் வாழ்க்கையை விட்டு அங்கேயே அறுவை மருத்துவராகத் தங்கிவிட்டார்.

அந்த வரிசையில் வாய்ப்புற்று நோயாளிகள் நிறைய இருந்தார்கள். இங்கிலாந்தில் பயின்று வந்த மருத்துவர்களுக்கு இது வியப்பாக இருந்தது. அவர்கள் நாட்டில் வாய்ப்புற்று என்றால் பெரும்பாலும் புகைக்குழல் பிடிக்கும் கிழவர்களின் உதட்டிலும் நாக்கிலும் வருவது. இங்கே கன்னத்தின் உட்புறத்தில் வந்தது. பெண்களுக்கும் வந்தது.

இதை முதலில் எழுத்தில் வைத்தவர் சென்னைப் பொது மருத்துவமனையின் அறுவை மருத்துவர் நிப்லாக். 1902இல் இந்திய மருத்துவ கெசட்டில் இந்தியாவில் புற்றுநோய் பற்றி எழுதிய அவர், வாய்ப்புற்றை வெற்றிலை மெல்லும் பழக்கத்தோடு தொடர்புபடுத்தினார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1908இல், நெய்யூரின் பென்டால் திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். ஸ்கேன் கருவி இல்லாத, தந்தி மட்டுமே விரைவான செய்தியாக இருந்த காலத்தில், ஒரு மிஷன் மருத்துவமனை 1,700 பேரின் குறிப்புகளை எழுதிக் காத்து வைத்திருந்தது. இன்று கணினி வைத்துக்கொண்டும் நாம் பல இடங்களில் அதைச் செய்வதில்லை. அதே ஆண்டு அதே இதழில் ஃபெல்ஸ் என்ற மருத்துவரும் தென்னிந்திய வாய்ப்புற்று பற்றி எழுதினார்.

பிறகு 1933இல் நெய்யூரின் ஐயன் ஓர், லண்டனின் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோருக்கு வரும் வாய்ப்புற்று, அதன் காரணம், நோய்க்குறியியல், சிகிச்சை என்பது அதன் பொருள். வெற்றிலைச் சுருளை எந்தக் கன்னத்தில் அடக்கி வைக்கிறார்களோ அந்த இடத்தில் புற்று எழுகிறது என்ற கவனிப்பு, உள்ளூர்க்காரரின் அன்றாடப் பழக்கத்தைக் கிட்ட இருந்து பார்த்தவருக்கே கிடைக்கக் கூடியது.

எது குற்றவாளி என்பதில் அப்போது குழப்பம் இருந்தது. சுண்ணாம்பின் எரிச்சல், கூரான உடைந்த பல், காரமான உணவு, சத்துக் குறைவு என்று பலவும் சந்தேகிக்கப்பட்டன. கடைசியில் விரல் புகையிலையை நோக்கியே நீண்டது. அது தவறன்று. புகையிலை குற்றவாளிதான். ஆனால் ஒரு குற்றவாளி அகப்பட்டதும் பக்கத்தில் நின்ற இன்னொருவரை விட்டுவிட்டார்கள்.

பாக்கு தப்பிய கதை

வெற்றிலை போடுபவர்களில் பெரும்பாலோர் பாக்கையும் புகையிலையையும் சேர்த்தே போட்டதால், இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிரித்துப் பார்க்க, புகையிலை சேர்க்காமல் பாக்கு மட்டும் மெல்லும் ஒரு கூட்டம் தேவை. அந்தக் கூட்டம் கடலுக்கு அப்பால் இருந்தது.

1952இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயில் ஒரு விந்தையான நிலையைக் கண்டு எழுதினார். வாயின் உட்சவ்வு வெளுத்து இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தது. காரணம் தெரியாத நோய் என்றே அவர் பெயரிட்டார். அடுத்த ஆண்டு பம்பாயின் ஜோஷி இதே நிலையைத் தம் நோயாளிகளிடம் கண்டு, சவ்வடி நார்த்தடிப்பு என்ற பொருளில் இன்று வழங்கும் பெயரைக் கொடுத்தார்.

இந்நோய் எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதலில் காரம் பட்டால் வாய் எரியும். ரசம் சாப்பிட முடியவில்லை, பச்சைமிளகாய் பட்டால் கண்ணீர் வருகிறது என்பார்கள். பிறகு கன்னத்தின் உட்புறம் சலவைக்கல் போல வெளுக்கும். தொட்டால் கயிறு போன்ற பட்டைகள் தெரியும். வாய் நான்கு விரல் அகலம் திறந்தவருக்கு மூன்று விரல், இரண்டு விரல் எனக் குறையும். முற்றிய நிலையில் ஒரு கவளம் சோறு போக இடம் இருக்காது. இட்லியைப் பிட்டுப் பல்லிடுக்கில் தள்ள வேண்டி வரும். இறுகிய நாரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து கிடையாது. பழக்கத்தை நிறுத்தினால் மேலும் இறுகுவது மட்டுப்படும்.

எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோய் உள்ள 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1985இல் ஒரு குழு முடிவு வெளியிட்டது. 7.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஐந்து பேருக்கு, அது வாய்ப்புற்றாக மாறியிருந்தது.

பாக்கின் குற்றத்தை உறுதிசெய்ய உதவிய இடங்களில் ஒன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. கரும்புத் தோட்டத்துக்குப் போன அவர்களில் தமிழரும் தெலுங்கரும் நிறைய. அவர்கள் கொண்டுபோனவற்றில் பாக்கு மெல்லும் வழக்கமும் ஒன்று. மூன்று நான்கு தலைமுறைக்குப் பின்னும் அங்குள்ள இந்தியப் பெண்களிடம் அது நிலைத்திருந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் புகையிலை சேர்ப்பதில்லை. 1980களிலும் 1990களிலும் டர்பனில் சீதாத், வான் விக் முதலிய ஆய்வாளர்கள் இந்தப் பெண்களை ஆராய்ந்தார்கள். புகையிலை இல்லாமலே நார்த்தடிப்பும் கன்னப்புற்றும் அவர்களிடம் காணப்பட்டன. பாக்கு தனியே இதைச் செய்கிறது என்பது அங்கே தெளிவாயிற்று. தைவானிலும் புகையிலை கலக்காமல் பாக்கு மெல்லுவோரிடம் இதையே கண்டார்கள். பாட்டன் ஊரில் கண்டுபிடிக்க முடியாததைப் பேத்தி பிறந்த ஊரில் கண்டுபிடித்தது போன்றது இது. மலாயாத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களிடமும் வாய்ப்புற்று மிகுதி என்பது 1960களிலேயே எழுதப்பட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலைச் சுருளைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலைச் சுருளுக்குச் சான்று போதவில்லை என்றது. 2003இல் மீண்டும் கூடிய வல்லுநர்கள், புகையிலை இல்லாத வெற்றிலைச் சுருளும், பாக்கு தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் வகுப்பில் சேர்த்தனர். சிகரெட்டும் கல்நாரும் இருக்கும் அதே வகுப்பு. இடையில் 18 ஆண்டுகள். அந்த 18 ஆண்டுகளில் பான் மசாலா இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பாக்கு இதைச் செய்யும் வழியும் ஓரளவு தெரியும். அதிலுள்ள அரிகோலின் என்ற காரப்பொருள், சவ்வுக்கு அடியில் நார் நெய்யும் உயிரணுக்களைத் தூண்டுகிறது. பாக்கில் மிகுதியாக இருக்கும் தாமிரம், அந்த நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்பட உதவுகிறது. சுண்ணாம்பு சேரும்போது உண்டாகும் காரத்தன்மையில், பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் உயிரணுவைத் தாக்கும் ஆக்சிசன் வேதிப்பொருள்களை வெளிவிடுகின்றன. பனியன் கம்பெனி வேலை தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: நெகிழ்ந்து கொடுக்க வேண்டிய பின்னல் துணிக்குப் பதில், வாய்க்குள்ளே இழுத்தால் வராத கெட்டி நெசவு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

வெற்றிலை மட்டும் இந்தக் குற்றப்பட்டியலில் இல்லை. பழி முழுவதும் பெயரில் முன்னால் நிற்கும் வெற்றிலைக்குப் போய், பின்னால் நிற்கும் பாக்கு தப்பித்துக்கொண்டது ஒரு வேடிக்கை.

பாக்கெட்டும் சட்டமும்

வெற்றிலை போடுவதற்கு ஒரு நிதானம் உண்டு. காம்பு கிள்ளி, முதுகு துடைத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடிக்க வேண்டும். வெற்றிலை இரண்டு நாளில் வாடும். இந்தத் தடைகள் எல்லாம் ஒரு சிறிய பாக்கெட்டில் கரைந்துபோயின. சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் விற்கலாம் என்ற சூத்திரத்தை ஷாம்பூவில் காட்டியவர் நம் கடலூர் சின்னி கிருஷ்ணன். அது நல்ல காரியம். அதே சூத்திரம் பான் மசாலாவிலும் குட்காவிலும் 1980களிலிருந்து ஓடியது. உலர்ந்த பாக்குத் தூள் வாடாது, மடிக்க வேண்டாம், பள்ளிச் சட்டைப் பையில் அடங்கும். வெற்றிலை போட்டவர்களில் பெரியவர்களே அதிகம். பாக்கெட் வந்த பின் நார்த்தடிப்பு இளைஞர்களிடம் தெரியத் தொடங்கியது.

தமிழ்நாடு அரசு 2001 நவம்பரில் குட்கா, பான் மசாலாவைத் தடை செய்தது. 2004இல் உச்ச நீதிமன்றம், அன்றைய உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாநில அதிகாரிகளுக்கு இப்படி முழுத் தடை விதிக்க அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. 2011இல் புதிய உணவுப் பாதுகாப்பு விதிகள், எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிக்கோட்டினோ சேரக் கூடாது என்றன. அதைக் கொண்டு 2013 மே மாதம் தமிழ்நாட்டில் மீண்டும் தடை வந்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. 2023 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை இரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

இருபது ஆண்டுக்கு மேலான இந்த வழக்குகளில் வாதம் பெரும்பாலும் புகையிலையையே சுற்றியது. அது உணவா, இல்லையா, எந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்பதே கேள்வி. பாக்கு இங்கும் ஓரமாக நின்றுகொண்டது. புகையிலையைத் தனிப் பாக்கெட்டிலும் பாக்குத் தூளைத் தனிப் பாக்கெட்டிலும் அடைத்து விற்று, வாங்குபவரே கலந்துகொள்ளும் தந்திரமும் இதனால்தான் எளிதாயிற்று.

திருப்பூர் வட்டாரத்து நூல் மில்களிலும் சாயப்பட்டறைகளிலும் இரவு ஷிப்டில் தூக்கத்தைத் தள்ளுவதற்குப் புகையிலை அடக்குவது பழைய வழக்கம். தீப்பொறி பட்டால் பஞ்சு பற்றிக்கொள்ளும் இடத்தில் பீடி பிடிக்க முடியாது, வாயில் அடக்கலாம். வடமாநிலத் தொழிலாளர்கள் வந்த பின் சுண்ணாம்பு சேர்த்துத் தேய்க்கும் கைனியும் சேர்ந்தது. கடைவீதியில் எந்தப் பாக்கெட்டுக்கும் 'ஹான்ஸ்' என்பதே பெயர். 2016-17இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் 21.4 விழுக்காட்டினர் புகையில்லாப் புகையிலை பயன்படுத்துவது தெரியவந்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல்.

சூயிங்கம்

சூயிங்கம் புதியது என்று நினைக்கிறோம். மெல்லும் பிசின் மிகப் பழையது. டென்மார்க்கின் லோலண்ட் தீவில் ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முன் யாரோ மென்று துப்பிய பூர்ச்ச மரப் பிசினிலிருந்து அந்த மனிதரின் முழு மரபணுத் தொகுதியையே 2019இல் படித்துவிட்டார்கள். இன்றைய சூயிங்கத்தின் மூலமோ நமக்கு நன்கு தெரிந்த மரம். நம் தோட்டத்தில் நிற்கும் சப்போட்டாதான் அது. அதன் காயைப் பறித்தால் கையில் ஒட்டும் வெள்ளைப் பாலைக் காய்ச்சி இறுக்கினால் 'சிக்கிள்' கிடைக்கும். மெக்சிகோவின் மாயர்கள் அதை மென்றார்கள். நியூயார்க்கின் தாமஸ் ஆடம்ஸ் அதை ரப்பருக்கு மாற்றாக்க முயன்று தோற்று, மெல்லும் பண்டமாக்கி 1871இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கைப் பிசின்கள் சப்போட்டாப் பாலின் இடத்தைப் பிடித்தன. தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் பூமர், பிக் பபூல் எல்லாம் 1990களில் பரவின. வகுப்பறைப் பெஞ்சுகளின் அடிப்பக்கம் அதற்குச் சாட்சி.

உடல்நல அளவில் சூயிங்கத்தின் கணக்கு எளியது. சர்க்கரை சேர்த்தது பல்லைக் கெடுக்கும், மிட்டாய் கெடுப்பது போலவே. சர்க்கரை இல்லாதது கெடுப்பதில்லை. உமிழ்நீரைச் சுரக்கவைத்து அமிலத்தைக் கழுவுவதால் ஓரளவு நன்மையும் செய்கிறது. பின்லாந்தின் துர்க்கு நகரில் 1970களின் முற்பகுதியில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த கம்மை ஆராய்ந்தவர்கள், பற்சொத்தை நன்றாகக் குறைவதைக் கண்டார்கள். ஓயாமல் மென்றால் தாடை மூட்டில் வலி வரலாம். இந்த இனிப்புகள் அளவு மீறினால் வயிற்றைப் போக்கும். பெர்லினில் நாள்தோறும் பட்டை பட்டையாகச் சர்க்கரையில்லாக் கம் மென்ற இருவர் பல மாத வயிற்றுப்போக்கால் உடல் மெலிந்து போனதை 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்டது. கம்மை நிறுத்தியதும் குணமானார்கள். விழுங்கிய கம் குடலில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருக்கும் என்பது கட்டுக்கதை. அது செரிக்காது, ஆனால் மற்றச் சக்கையோடு வெளியேறிவிடும். நிறைய நிறைய விழுங்கிய சிறு குழந்தைகளுக்கு மட்டும் அபூர்வமாகக் குடலில் அடைத்ததுண்டு. அதைவிட, ஓடி விளையாடும் பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கும் ஆபத்தே கவனிக்க வேண்டியது.

சிங்கப்பூர் 1992இல் சூயிங்கம் விற்பனையைத் தடை செய்தது உடல்நலத்துக்காக அன்று. மெட்ரோ ரயில் கதவுகளில் ஒட்டி வைத்ததும், பொது இடங்களைச் சுத்தம் செய்யும் செலவும்தான் காரணம். 2004இல் அந்தத் தடையில் ஒரு சன்னல் திறந்தது. மருத்துவப் பயன் உள்ள கம் மட்டும் மருந்தகங்களில் விற்கலாம் என்றார்கள். அதில் ஒன்று நிக்கோட்டின் கம்.

இந்த நிக்கோட்டின் கம் பிறந்த கதை நம் வெற்றிலைப் பெட்டியோடு நெருங்கியது. 1967இல் சுவீடனின் லுண்ட் நகரத்து ஆய்வாளர் கிளாஸ் லுண்ட்கிரென், நீர்மூழ்கிக் கப்பலில் புகைபிடிக்க முடியாத மாலுமிகள் புகையிலையை மென்று சமாளிப்பதைக் கண்டார். நம் மில் தொழிலாளி பஞ்சுக்கு நடுவே செய்வதும் அதுவே. அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஹெல்சிங்போரியில் ஒரு மருந்து நிறுவனத்தில் இருந்த ஓவ ஃபேர்னோ, புகையிலையின் நச்சுகள் இல்லாமல் நிக்கோட்டினை மட்டும் தரும் கம்மைச் செய்தார். 1978இல் சுவிட்சர்லாந்தில் அது ஒப்புதல் பெற்றது. 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது.

அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நிக்கோட்டின் வாய்ச்சவ்வு வழியாக இரத்தத்துக்குள் போக வேண்டுமானால் வாயில் காரத்தன்மை வேண்டும். அதற்காகக் கம்மில் சோடா உப்பைச் சேர்க்கிறார்கள். நம்மவர்கள் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியது இதே வேலையைத்தான் செய்தது. 'சுண்ணாம்பு சேரலேன்னா போயிலை ஏறாது' என்று கிழவிகள் சொன்னது வேதியியல். நிக்கோட்டின் கம்மை மென்றுகொண்டே இருக்கவும் கூடாது. நாலைந்து முறை மென்று, காரல் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கி வைக்க வேண்டும். சுவை அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். கம் போடுவதற்குக் கால் மணிநேரம் முன்னும், வாயில் இருக்கும்போதும் காப்பி, குளிர்பானம் கூடாது. அவற்றின் அமிலம் மருந்தை ஏறவிடாது. ஐயன் ஓர் புற்றுநோயைக் கண்ட அதே கன்ன மடிப்பில், அதே முறையில் அடக்கி, பழக்கத்திலிருந்து வெளியே வருகிறார்கள். தாடை அசைவதிலோ கன்னத்தில் அடக்குவதிலோ தீங்கு இல்லை, அடக்கும் பொருளில்தான் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. கருவுற்ற பெண்களும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். புகையிலையை விட விரும்புவோர்க்கு 1800-11-2356 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கிடைக்கும். பாக்குக்கு அடிமையானவர்களுக்கு இப்படி ஒப்புதல் பெற்ற மாற்றுக் கம் எதுவும் இல்லை. வாய் ஏற்கெனவே இறுகியவரால் கம்மை மெல்லவும் முடியாது. அவர்களுக்கு வேண்டியது வேறு.

வாயைப் பார்த்தல்

நெய்யூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 13 பஞ்சாயத்துகளில் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதியில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, மூன்று சுற்று. கருவி எதுவும் இல்லை. வெண்திட்டு, செந்திட்டு, ஆறாத புண், இறுகிய சவ்வு கண்டால் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 2005இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, வாய்ப்புற்றால் ஏற்படும் இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது.

முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை முதல் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் பல் பிரிவு வரை இந்தப் பரிசோதனையைச் செய்ய முடியும். வீட்டிலும் தொடக்கமாகச் செய்யலாம். கண்ணாடி முன் நின்று, வெயில் வெளிச்சத்தில் அல்லது செல்போன் டார்ச்சில் இரு கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடிப்பக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண், கட்டி இருந்தால் காட்டிவிட வேண்டும். வலி இல்லை என்று காத்திருக்கக் கூடாது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. பிறகு தம் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் சேர்த்து, செங்குத்தாக மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பார்க்கலாம். சாதாரண வாயில் மூன்றும் நுழையும்.